ஓடக்காரன் வரும் அரை வரி

மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. படகு போகாவிட்டால் ஐஸ் தேவைப்படாது. ஐஸ் தேவைப்படாவிட்டால் எனக்கு வேலை இல்லை. வருஷத்தில் அந்த இரண்டு மாதங்கள்தான் நான் நாவல் படிக்கிற காலம்.

நான் மீன் இறங்குதளத்தில் ஐஸ் உடைப்பவன். முழு ஐஸ் கட்டியை, பார் என்போம், மெஷினுக்குள் தள்ளினால் அது பொடியாகிக் கீழே விழும். மண்வெட்டியால் அள்ளிப் பெட்டியில் போட்டுக் கொடுக்க வேண்டும். இருபத்தைந்து வருஷமாக இதுதான் வேலை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. படிக்கிற பழக்கம் எப்படியோ நிற்கவில்லை. மனிதர்களிடம் பேசக் கூச்சப்படுகிறவனுக்குப் புத்தகம் வசதி. அது எதையும் திருப்பிக் கேட்பதில்லை என்றுதான் அப்போதெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

காரைக்கால் டவுனில் நான் போகும் நூலகத்தில் மாதம் ஒருமுறை ஞாயிற்றுக்கிழமை வாசகர் கூட்டம் நடக்கும். நான் கடைசி நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுவிட்டு டீயும் பிஸ்கட்டும் வருவதற்குள் கிளம்பிவிடுவேன். போன தடைக்காலத்தில் நூலகர் அம்மா என்னை வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

“அண்ணே, இந்த மாசம் நீங்கதான் பேசுறீங்க.”

“நானா? எனக்கெல்லாம் வராதும்மா.”

“கூட்டத்துக்குக் குடுத்த ரெண்டு புஸ்தகத்தையும் ஒரே வாரத்துல படிச்சு முடிச்சது நீங்க மட்டும்தாண்ணே. அட்டையில தேதி இருக்கு, பொய் சொல்ல முடியாது.”

வீட்டில் சொன்னபோது என் மனைவி அரிசி களைவதை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். “என்கிட்டயே ஒரு நாளைக்குப் பத்து வார்த்தைதான் பேசுறீங்க. அங்க போயி என்னா பேசப் போறீங்க?”

அந்த இரண்டு புத்தகங்களும் மொழிபெயர்ப்புகள். இரண்டுமே எங்கோ குளிர் தேசத்துக் கடற்கரையில் நடக்கிற கதைகள். அந்த ஊர்களில் கடவுளுக்குப் பயந்த ஜனங்கள் இருக்கிறார்கள். பாட்டு கூடாது, நல்ல நிறத்தில் துணி கூடாது, ஓய்வு நாளில் உரக்கச் சிரித்தால்கூடக் கண்டிப்பார்கள். இரண்டு கதையிலும் ஒரு பெண் கட்டின கணவனை விட்டு இன்னொருவனோடு பழகுகிறாள். ஊருக்குத் தெரிந்துவிடுகிறது. ஊர் கூடித் தண்டனை கொடுக்கிறது.

முதல் புத்தகத்தில் வருகிறவள் நெசவாளி ஒருவனின் மனைவி. அவன் பிழைக்கப் போன இடத்திலிருந்து பல வருஷமாகத் திரும்பவில்லை. அவளுக்குக் கிடைத்த தண்டனை, ஒரு வருஷத்துக்கு வாராவாரம் ஜெபம் முடியும்வரை தேவாலய வாசல் அருகே ஒரு கல்லின் மேல் நிற்க வேண்டும். எல்லாரும் அவளைத் தாண்டித்தான் உள்ளே போவார்கள். அவள் தப்பை ஒப்புக்கொள்ளவும் இல்லை, மறுக்கவும் இல்லை. வாயே திறக்காமல் நிற்கிறாள். வருஷம் முடிந்ததும் இனி உள்ளே வந்து உட்காரலாம் என்கிறார்கள். அவள் உட்காரவில்லை. அடுத்த வாரமும் அதே கல்லின் மேல் நிற்கிறாள். அதற்கடுத்த வாரமும். முதலில் நிற்கச் சொன்னவர்களுக்குத்தான் இப்போது அவளைத் தாண்டிப் போகக் கூச்சமாக இருக்கிறது. கதை முடியும்போது அவள் கிழவியாகிவிட்டாள். அந்தக் கல்லை எடுத்துவிடலாமா என்று ஊர் பேசிக்கொண்டிருக்கிறது.

இரண்டாவது புத்தகத்தில் வருகிறவள் போதகரின் மனைவி. உப்பெடுக்கிற ஒரு தீவு அது. இவள் எதையும் மறைக்கவில்லை. ஆமாம், அந்த மனிதரை எனக்குப் பிடித்திருந்தது என்று சபையின் நடுவே சொல்லிவிடுகிறாள். மன்னிப்புக் கேட்கச் சொன்னபோது மட்டும் மாட்டேன் என்கிறாள். அங்கே கல் கிடையாது, அடி கிடையாது. அவள் என்ன கேட்டாலும் யாரும் பதில் சொல்லக் கூடாது, அவ்வளவுதான். சில மாதம் பொறுத்துப் பார்க்கிறாள். பிறகு தீவை விட்டுப் போக நினைத்து ஓடத்துறைக்கு வருகிறாள். ஓடம் கிடைக்கவில்லை. கடல் வற்றுகிற நேரம் பார்த்துச் சேற்றில் இறங்கி முழங்கால் புதையப் புதைய நடந்தே கரை சேர்ந்துவிடுகிறாள்.

ஒருத்தி போகாமலே ஊரை ஜெயித்தாள். இன்னொருத்தி போய் ஜெயித்தாள். ஒருத்தி பேசாமல் இருந்தாள். இன்னொருத்தி பேசிவிட்டாள். பேசாதவளை ஊர் எந்நேரமும் பார்த்துக்கொண்டே இருந்தது, பேசியவளைப் பார்க்காதது மாதிரி இருந்தது. இரண்டு கதையிலும் ஆணுக்கு என்ன ஆனது என்று பார்த்தால் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. இதையெல்லாம் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதிக்கொண்டேன். எழுதும்போது சந்தோஷமாகத்தான் இருந்தது. கூட்டத்துக்கு முந்தின நாள் எதையோ சரிபார்க்க இரண்டாவது புத்தகத்தைப் புரட்டினேன். அப்போதுதான் அந்த வரியைக் கவனித்தேன்.

அவள் ஓடத்துறைக்கு வருகிற இடம். ஓடக்காரன் கயிற்றை அவிழ்க்காமல் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறான். அவனுக்கு அரை வரிதான். மீதி அரை வரியில் அவள் திரும்பி நடக்கிறாள். முதல் புத்தகத்திலும் தேடினேன். அங்கே ரொட்டிக்காரி ஒருத்தி இருந்தாள். நெசவாளியின் மனைவி கையை நீட்டும்போது எடுத்த ரொட்டியை மறுபடி உள்ளே வைக்கிறாள். அவளுக்கும் அரை வரி. பேர் கிடையாது. வயது கிடையாது. நல்லவரா கெட்டவரா என்பதுகூடக் கிடையாது.

அந்த அரை வரியில் நான் இருந்தேன்.

எங்கள் ஊர் பேரை எழுதவில்லை. காரைக்கால் கடற்கரையில் இருக்கிற மீனவ ஊர்களில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் அங்கே கூடையில் மீன் விற்கிற ஒரு அக்கா இருந்தார்கள். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். நான் ஐஸ் மெஷினுக்கு வந்த புதிதில் மீன்காரப் பெண்கள் என்னைச் சுற்றி நின்றுகொண்டு கேலி செய்வார்கள். “மாப்புள்ள, ஐஸ குடுக்குறியா, இல்ல உன் சிரிப்ப குடுக்குறியா?” என்பார்கள். நான் தலையே தூக்க மாட்டேன். அந்த அக்கா மட்டும், “விடுங்கடி, புள்ளைக்குக் காது செவந்துபோச்சு” என்று அவர்களை விரட்டுவார்கள்.

அவர்களுடைய கணவர் வளைகுடாப் பக்கம் மீன்பிடிப் படகு வேலைக்குப் போயிருந்தார். அவர் இல்லாத காலத்தில் ஊரிலேயே படகு வைத்திருந்த ஒருவரோடு அக்காவுக்குப் பழக்கம் ஏற்பட்டது. தெரிந்துபோனது. பஞ்சாயத்துக் கூடியது.

கோயில் வாசலில் ஆண்கள் எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். அந்த ஆள் வந்து சபைக்கு நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார், தெண்டம் கட்டினார், முடிந்தது. மூன்றாம் நாள் அவர் படகு கடலுக்குப் போனது. அடுத்து அக்காவைக் கூப்பிட்டார்கள். ஊர்த் தலைவர் கேட்டார், உண்மையா என்று.

“உண்மைதான்.”

“சபையில விழுந்து கும்புட்டுடு. தெண்டத்தோட போயிடும்.”

“விழ மாட்டேங்க. தெண்டம் வேணும்னா கட்டுறேன்.”

பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள். “புருஷன் அனுப்புற காசுல வளர்ந்த திமிருடா இது!”

அக்கா குரல் வந்த பக்கம் திரும்பினார்கள். “அவரு காசு அனுப்பி மூணு வருஷம் ஆச்சு. இது மீனு வித்து வந்த திமிரு.”

இரண்டு மூன்று பேர் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புதான் தலைவருக்குக் கோபத்தைக் கொடுத்தது என்று நினைக்கிறேன். ஊர்க்கட்டு போட்டார்கள். ஊர்க்கட்டு என்றால், விழுந்து கும்பிடும்வரை ஊர் அவர்களோடு சேராது. பேச்சு கிடையாது, நெருப்பு கிடையாது, தண்ணீர் கிடையாது, கொடுக்கல் வாங்கல் கிடையாது. மீறுகிறவர்களுக்கும் அதே கட்டு. கோயில் மைக்கில் மூன்று தடவை சொன்னார்கள்.

நான் வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் ஒன்றையே யோசித்துக்கொண்டு போனேன். ஐஸ் எதில் சேர்த்தி? ஐஸ் உருகினால் தண்ணீர்தானே. விற்றால் அது கொடுக்கல் வாங்கல்தானே. யாரையாவது கேட்டிருக்கலாம். தலைவர் வீடு நாலு வீடு தள்ளித்தான். கேட்கக் கூச்சம். கேட்டால் ஏன் கேட்கிறான், இவனுக்கு அவள்மேல் என்ன அக்கறை என்று நினைப்பார்களோ என்று பயம். கேட்காமலே ஐஸும் கிடையாது என்று நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன்.

எங்கள் ஏலத்தில் அக்காவுக்கு மீன் கிடைக்கவில்லை. அவர்கள் சளைக்கவில்லை. விடியற்காலை பஸ் ஏறி நாகூர்ப் பக்கம் போய் மீன் எடுத்துவந்து, குரும்பகரம் பக்கத்து ஊர்களில் விற்றுவிட்டு வந்தார்கள். ஒரு நாள் மீன் தாமதமாகக் கிடைத்துவிட்டது. ஊர் திரும்பும்போது மதியம் மூன்று மணி. பங்குனி வெயில். இரண்டு கூடை சங்கரா. மறுநாள் காலைவரை மீன் தாங்க வேண்டுமென்றால் ஐஸ் வேண்டும்.

மெஷின் கொட்டகைக்கு வந்தார்கள். அந்த நேரத்தில் இறங்குதளத்தில் ஒரு ஆள்கூட இல்லை. வலைக் குவியல் நிழலில் ஒரு நாய் படுத்திருந்தது. அக்கா ஐஸுக்காகக் கொண்டுவந்த வெறும் அன்னக்கூடையைத் தரையில் வைத்துவிட்டுப் பணத்தைப் பலகைமேல் வைத்தார்கள்.

“தம்பி.”

நான் பணத்தைப் பார்த்தேன். அவர்கள் கையைப் பார்த்தேன். முகத்தைப் பார்க்கவில்லை. மறுபடி ஏதோ சொல்ல வாயெடுத்தார்கள். அவர்கள் பேசி நான் கேட்டுவிட்டால் பதில் சொல்ல வேண்டிவரும். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. திரும்பி மெஷினைப் போட்டுவிட்டேன். உள்ளே பார் எதுவும் இல்லை. வெறும் மெஷின். ஐஸ் இல்லாமல் ஓடினால் அந்த மெஷின் போடுகிற சத்தம் வேறு, பல்லும் பல்லும் மோதுகிற மாதிரி இருக்கும். அந்தச் சத்தத்தில் அக்கா இரண்டு தடவை என்னவோ சொன்னார்கள். கடைக்கண்ணில் உதடு அசைவது தெரிந்தது. பிறகு பணத்தை எடுத்துக்கொண்டார்கள். கூடையை எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் தெருமுனை திரும்பும்வரை மெஷினை நான் நிறுத்தவில்லை.

மறுநாள் அவர்கள் வீட்டுக்குப் பின்னால் மணலைத் தோண்டி மீனைப் புதைத்திருந்தார்கள். நாற்றம் தெருவுக்கே வந்தது. பத்து நாளில் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊரை விட்டுப் போய்விட்டார்கள். ஊர் விரட்டிவிட்டது என்றுதான் எல்லாரும் சொன்னோம். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். ஊர் என்று சொல்லும்போது வசதியாக இருந்தது.

கூட்டத்துக்குப் பதினைந்து பேர் வந்திருந்தார்கள். நான் பேசுவதற்கு முன்பே விவாதம் தொடங்கிவிட்டது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் முதல் புத்தகத்துக்காரிதான் பெரியவள் என்றார். “ஓடிப்போறது சுலபங்க. அதே கல்லுல நின்னா பாருங்க, அது வைராக்கியம்.”

நர்ஸ் வேலை பார்க்கிற ஒரு பெண் விடவில்லை. “நிக்கிறதுக்கு ஒரு கல்லாவது குடுத்தாங்கல்ல சார்? இவளுக்குப் பதில் பேசக்கூட ஆள் இல்ல. சேத்துல நடந்து பாத்தாத் தெரியும் சுலபமா இல்லையான்னு.”

“நீங்க நடந்திருக்கீங்களாம்மா?”

“நாத்து நட்டவ சார் நானு.”

எல்லாரும் சிரித்தார்கள். பிறகு என்னைப் பேசச் சொன்னார்கள். நோட்டில் எழுதி வைத்த ஒப்பீடுகளை வாசித்தேன். குரல் எனக்கே கேட்கவில்லை. கடைசியில் அந்த அரை வரிகளைப் பற்றிச் சொன்னேன். தண்டனை கொடுத்தது சபை என்று இரண்டு புத்தகமும் சொல்கின்றன. ஆனால் சபை வாரம் ஒரு நாள்தான் கூடுகிறது, மற்ற நாட்களில் தண்டனையை நிறைவேற்றுவது இந்த ரொட்டிக்காரியும் ஓடக்காரனும்தான், எழுதியவர்கள் இவர்களுக்கு அரை வரிதான் கொடுத்திருக்கிறார்கள், ஆனால் அந்தப் பெண்களுக்கு அது ஒரு முழு நாளாக இருந்திருக்கும் என்றேன். அத்தோடு உட்கார்ந்துவிட்டேன்.

எல்லாரும் கைதட்டினார்கள். தலைமையாசிரியர் எழுந்துவந்து தோளைத் தட்டி, “எம்.ஏ. படிச்சவனுக்குத் தோணல இது” என்றார். நான் சிரித்தேன். இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. நான் செய்ததை எடுத்துப் புத்தகத்தில் வருகிற ஒரு வெள்ளைக்காரன் தலையில் வைத்துவிட்டு அதற்குக் கைதட்டலும் வாங்கிக்கொண்டு நின்றேன்.

நூலகர் அம்மாதான் கேட்டார். “அண்ணே, அப்புறம் அந்த ஓடக்காரன் என்ன ஆனான்? பின்னால எங்கயாவது வர்றானா?”

“வரலம்மா.”

“ஓடத்தோட போயிருப்பான்!” என்றார் தலைமையாசிரியர். மறுபடி எல்லாரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்துதான் சிரித்தேன். டீ வருவதற்குள் கிளம்பிவிட்டேன்.

அக்கா எங்கே இருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. குரும்பகரம் கடைத்தெருவில் தரையில் தார்ப்பாய் விரித்து மீன் விற்கிறார்கள். பஸ்ஸில் போகும்போது இரண்டு தடவை பார்த்திருக்கிறேன். இரண்டு தடவையும் செருப்பைச் சரிசெய்கிற மாதிரிக் குனிந்துகொண்டேன். மறுநாள் திங்கட்கிழமை காலை மொபெட்டை எடுத்துக்கொண்டு போனேன். மன்னிப்புக் கேட்கவா போனேன் என்றால், அதுவும் உண்டு. ஆனால் ஒன்றைத் தெரிந்துகொள்ளாமல் இனி முடியாது என்று இருந்தது. மெஷின் சத்தத்தில் அவர்கள் இரண்டு தடவை சொன்னது என்ன? திட்டினார்களா, சாபம் விட்டார்களா, கெஞ்சினார்களா? பதினெட்டு வருஷமாக அந்த உதடு அசைவுக்கு நானே ஒவ்வொரு வார்த்தையாகப் போட்டுப் பார்த்திருக்கிறேன்.

அக்காவுக்குத் தலை நரைத்திருந்தது. நாட்டுப் படகு மீன், கொஞ்சமாகத்தான் இருந்தது. பக்கத்தில் தெர்மகோல் பெட்டி நிறைய உடைத்த ஐஸ். என்னைப் பார்த்ததும், “என்னா வேணும்? நெத்திலி இருக்கு, கெளுத்தி இருக்கு” என்றார்கள்.

“அக்கா, நான்... ஐஸ் மெஷின்...”

அரிவாள்மணையில் இருந்த கை நின்றது. என்னை மேலும் கீழும் பார்த்தார்கள். “தொப்ப போட்டுட்ட” என்றார்கள். மறுபடி மீனை அரியத் தொடங்கினார்கள்.

வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த எதுவும் வாயில் வரவில்லை. “அன்னைக்கு மெஷின் ஓடும்போது ரெண்டு தடவ என்னமோ சொன்னீங்கக்கா. அது என்னா?”

“அதுக்கா இவ்வளவு தூரம் வந்த?”

“ஆமாங்கக்கா.”

அக்கா நிமிரவில்லை. மீன் தலையை ஓரமாகத் தள்ளினார்கள். “தலைவரக் கேட்டுட்டுதான் வந்தேன். நேரா போயி வாசல்ல நின்னு, ஐஸ் வாங்கலாமா கூடாதான்னு சொல்லிடுங்கன்னேன். அவரு என்கிட்ட பேசக் கூடாதுல்ல? வாசல்ல கட்டியிருந்த மாட்டப் பாத்துக்கிட்டு சொன்னாரு. ஐஸ் கம்பெனி வெளியூர்க்காரனோடது, ஊர்க்கட்டு அதுக்கு இல்ல, வாங்கிக்கன்னு. அதத்தான் உன்கிட்ட சொன்னேன். தலைவர் குடுக்கச் சொன்னாரு தம்பின்னு. காதுல விழலயோன்னு இன்னொரு தடவ சொன்னேன்.”

எனக்குப் பின்னால் பை வைத்துக்கொண்டு ஒரு அம்மா நின்றிருந்தார். அக்கா குரலைத் தாழ்த்தவே இல்லை. தாழ்த்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

“ஊரு பேசல, அது எனக்குப் பெருசா தெரியல. எத்தன நாளைக்குப் பேசாம இருப்பாங்க? வீம்பா இருந்து பாத்துடலாம்னுதான் இருந்தேன். ரெண்டு கூட மீன மண்ணுல போட்டு மூடுனன் பாரு, அன்னைக்குத்தான் முடிஞ்சுதுடா சாமின்னு ஆயிடுச்சு.”

“தப்புப் பண்ணிட்டேங்கக்கா.”

“ஆமா” என்றார்கள். “மீனு எடுக்குறியா? பின்னால ஆளு நிக்குது.”

அரைக் கிலோ நெத்திலி வாங்கினேன். பையை என் கையில் கொடுக்கப் போனவர்கள், “அங்கேருந்தா வந்த? வெயிலு தாங்காது” என்று சொல்லிப் பெட்டியிலிருந்து ஒரு பிடி ஐஸை அள்ளி மீன்மேல் போட்டு முடிச்சுப் போட்டுக் கொடுத்தார்கள். தூரத்திலிருந்து வருகிற எல்லாருக்கும் அப்படித்தான் போடுவார்களாக இருக்கும். அடுத்த அம்மாவிடம் பேசத் தொடங்கிவிட்டார்கள்.

மொபெட் கைப்பிடியில் மாட்டிய பை வீடு வரைக்கும் என் முழங்கால்மேல் சொட்டிக்கொண்டே வந்தது.

என் மனைவி பையை அவிழ்த்துப் பார்த்துவிட்டு, “கடற்கரையில குடியிருக்குற ஆளு வயக்காட்டு ஊருக்குப் போயி மீனு வாங்கிட்டு வர்றீங்களா? நல்லா இருக்கு” என்றாள். யாரிடம் வாங்கினேன் என்று சொன்னேன். சிரிப்பு நின்றது. வெறும் மெஷினைப் போட்ட அந்த மதியம் நடந்ததை முதல்முறையாக அவளிடம் சொன்னேன். பத்து வார்த்தைக்கு மேல் ஆனது. சொல்லி முடித்துவிட்டு, இது யாருக்கும் தெரியாது என்றேன்.

அவள் நெத்திலியைத் தட்டில் கொட்டி ஒவ்வொன்றாகத் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள்.

“எனக்குத் தெரியும்” என்றாள். “அப்பவே தெரியும். வெறுங்கூடையைத் தூக்கிக்கிட்டு நம்ம வாசலத் தாண்டித்தான் அந்தக்கா போனாங்க. படகே வராத நேரத்துல வெறும் மெஷினு ஓடுற சத்தம் எனக்குத் தெரியாதா? தெருவுல எல்லாருக்கும் கேட்டுச்சு. நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்தேன்.”